குட்டி யானையில் ஏறும் அழகு

சத்யஜித் ராயின் ‘அபூர் சன்சார்’ படத்தில் கொல்கத்தாவின் மாடி அறை ஒன்று வருகிறது. பக்கத்தில் ரயில் பாதை, மூன்று மாத வாடகை பாக்கி, ஜன்னலில் திரை என்ற பெயரில் தொங்கும் கிழிந்த சாக்குத்துணி. சற்றும் எதிர்பாராத ஒருவரின் மனைவியாகி அந்த அறைக்குள் வந்து நிற்கும் அபர்ணா, அந்தத் துணியின் ஓட்டை வழியாகத்தான் வெளியே பார்க்கிறாள், கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து அதே அறை மீண்டும் வருகிறது. இப்போது ஜன்னலில் சுத்தமான புதுத் திரை. இரண்டு பேர் அங்கே குடித்தனம் நடத்தத் தொடங்கிவிட்டார்கள் என்பதை 1959இல் வந்த அந்தப் படம் ஒரு முழத் துணியை வைத்தே சொல்லிவிடுகிறது. அறையில் மாறியது எது, மாறாதது எது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். வீட்டுக்காரருக்குச் சொந்தமான எதுவும் மாறவில்லை. சுவர் அப்படியே இருக்கிறது, தரை அப்படியே இருக்கிறது. நாளைக்கே காலி செய்யச் சொன்னாலும் அந்தத் திரையை மடித்து டிரங்குப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிவிடலாம். குறைந்த செலவில் வாடகை வீட்டை அழகாக்குவது எப்படி என்று கேட்பவர்களுக்கு இந்தக் கட்டுரை சொல்ல வருவது இவ்வளவுதான்: வீட்டின்மேல் ஒரு பைசா செலவழிக்காதீர்கள், கூடவே வரக்கூடிய பொருள்மேல் செலவழியுங்கள்.

கூடவே வருவது எது என்று அளக்க ஒரு படி இருக்கிறது. வீடு மாற்றும்போது நாம் கூப்பிடும் சிறிய சரக்கு வண்டிக்குத் தமிழ்நாட்டில் குட்டி யானை என்று பெயர்; கொல்கத்தாவிலும் அதை ‘சோட்டா ஹாத்தி’ என்றே சொல்கிறார்கள். அந்த யானையின் முதுகில் ஏறக்கூடியது உங்களுடையது. ஏறாதது வீட்டுக்காரருக்கு நீங்கள் கொடுத்த சீர்வரிசை. மாத வாடகை 15,000 ரூபாய் என்றும், அலங்காரத்துக்கு ஒரு மாத வாடகைக்கு மேல் போவதில்லை என்றும் வைத்துக்கொள்வோம். அந்தப் பணத்தைச் சுவருக்கு வண்ணம் பூசுவதிலும் மர அலமாரி அடித்து நிறுத்துவதிலும் போட்டு, 11 மாத ஒப்பந்தம் முடிந்ததும் கிளம்ப நேர்ந்தால், அந்த அழகுக்கு மாதம் 1,360 ரூபாய்க்கு மேல் கொடுத்திருக்கிறீர்கள். அதே தொகைக்குத் திரை, பாய், விளக்கு, இரண்டு படம் என்று வாங்கி, மூன்று வீடு மாறி ஐந்து வருடம் வைத்துக்கொண்டால் மாதத்துக்கு 250 ரூபாய். அதென்ன 11 மாதம் என்றால், ஓராண்டைத் தாண்டும் குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அந்தச் செலவுக்கும் அலைச்சலுக்கும் பயந்து நாடே பதினொன்றில் நின்றுகொண்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய நகரங்களில் நான்கில் ஒரு குடும்பத்துக்கும் சற்று அதிகமானவை வாடகை வீட்டில்தான் இருந்தன. அவர்களில் பெரும்பாலோர் பதினோராம் மாதத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு பொருளையும் வாங்குகிறார்கள், அல்லது வாங்காமல் விடுகிறார்கள்.

வாங்காமல் விடுவதே புத்திசாலித்தனம் என்பதுதான் முதல் ஆட்சேபம். அடுத்தவன் வீட்டுக்கு எதற்கு அலங்காரம்? சொந்த வீடு வரட்டும், பார்த்துக்கொள்ளலாம். நடுத்தரக் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் இந்த வாதத்துக்குக் கொல்கத்தாவைவிட நல்ல மறுப்பு கிடைக்காது. ‘எனக்கென்ன’ என்று இரு தரப்பும் இருந்துவிட்டால் ஒரு வீடு என்ன ஆகும் என்பதை வடக்குக் கொல்கத்தாவின் சந்துகளில் நின்று பார்க்கலாம். வாடகைதாரரைப் பாதுகாக்க வந்த 1956ஆம் ஆண்டு மேற்கு வங்க வாடகைச் சட்டத்தின் நிழலில், பழைய குடித்தனக்காரர்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்பு பேசிய அற்ப வாடகையிலேயே தொடர்ந்தார்கள். வரும் வாடகை பழுதுபார்க்கக் காணாது என்று வீட்டுக்காரர் கைகழுவினார். என் வீடா என்று குடியிருந்தவரும் விட்டுவிட்டார். கார்னிஸில் அரசமரம் முளைத்தது. 1997இல் புதுச் சட்டம் வந்தபோது பல கட்டடங்கள் சட்டத்தால் மீட்க முடியாத நிலைக்குப் போயிருந்தன. சட்டத்தின் நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. எளிய மனிதர்களை நடுத்தெருவில் விடாமல் காத்தது அது. ஆனால் முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தவர்கூட ‘இது என் வீடில்லை’ என்ற நினைப்பிலேயே முப்பது வருடத்தையும் கழித்திருப்பதை அந்தச் சுவர்கள் காட்டுகின்றன. வாழ்வது இன்றைக்கு, அழகு நாளைக்கு என்று தள்ளிப்போட்டால் நாளை வராமலே போகலாம்.

‘தற்காலிகத்துக்கு எதற்கு இத்தனை பாடு’ என்ற கேள்வியை இந்த ஊரில் மட்டும் கேட்க முடியாது. தெருவிலும் மைதானத்திலும் மூங்கில் நட்டு, கயிற்றால் கட்டி, துணி போர்த்தி எழுப்பும் பந்தல்களில் ஐந்து நாள் துர்க்கை வீற்றிருப்பாள். பிறகு கயிறு அவிழும், மூங்கில் லாரியில் ஏறும், தெரு பழையபடி தெருவாகும். 2021இல் யுனெஸ்கோ தன் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது இந்த விழாவைத்தான். 2019ஆம் ஆண்டுப் பூஜையை வைத்து பிரிட்டிஷ் கவுன்சில் நடத்திய ஆய்வு, அதைச் சுற்றி நடக்கும் படைப்புத் தொழில்களின் மதிப்பைச் சுமார் 32,000 கோடி ரூபாய் என்று கணக்கிட்டது. அத்தனை காசும் கரைந்து போகப்போகிற ஓர் அழகைச் சுற்றி! காசைவிட முக்கியமானது பொருள். 2001இல் போஸ்புகூர் சீதளா மந்திர் பூஜைக்கு பந்தன் ராஹா என்ற கலைஞர், டீ குடித்துவிட்டுத் தூக்கி எறியும் மண்குவளைகளை அடுக்கிப் பந்தல் அமைத்தார். ஊரே வரிசையில் நின்று பார்த்தது. விலை மலிந்த ஒரே பொருளை ஏராளமாக, ஒழுங்காக வைத்தால் கண் நிற்கும் என்பது அந்தப் பந்தலின் பாடம். நமக்கும் இது புதிதில்லை. அதே சமயம் வரும் நவராத்திரியின் ஒன்பது நாளும் லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ் வீடுகளில் டிரங்குப் பெட்டியும் ஸ்டூலும் பலகையும் அடுக்கி, மேலே வெள்ளை வேட்டி விரித்தால் கொலுப்படி தயார். ஒரு ஆணி கிடையாது. பத்தாம் நாள் பெட்டி பெட்டியாகவும் வேட்டி வேட்டியாகவும் திரும்பிவிடும். வருடம் முழுக்க வெறும் சுவரோடு வாழும் குடும்பம் ஒன்பது நாள் மட்டும் இவ்வளவு கைவண்ணம் காட்டுகிறதென்றால், திறமைக்கு அங்கே பஞ்சமில்லை. அனுமதிக்குத்தான் பஞ்சம், அதுவும் தனக்குத்தானே கொடுத்துக்கொள்ள வேண்டிய அனுமதிக்கு.

சுவர் விஷயத்துக்கு வருவோம். வாடகை வீட்டு அலங்காரம் என்றதும் இணையக் கடைகள் முதலில் நீட்டுவது ஒட்டும் வால்பேப்பரை. உரித்தால் வந்துவிடும், தடயமே இருக்காது என்பார்கள். வறண்ட ஊரில் அது உண்மையாக இருக்கலாம். கொல்கத்தா கங்கைச் சமவெளியின் சேற்றுமேல் உட்கார்ந்திருக்கும் ஊர். ஜூன் முதல் செப்டம்பர்வரை காற்றையே பிழியலாம். பழைய செங்கல் சுவர்களில் ஓதம் ஏறி, உப்புப் பூத்து, சுண்ணாம்பு பொருக்கு பொருக்காக உதிரும். ‘நோனா’ பிடித்துவிட்டது என்பார்கள் உள்ளூர்க்காரர்கள். அப்படிப்பட்ட சுவர் மூச்சுவிட வேண்டும். அதன்மேல் பிளாஸ்டிக் தோலைப் போர்த்தினால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். உரிக்கும்போது பூச்சும் சேர்ந்து வரும், அட்வான்ஸில் அதற்கொரு கழிவும் வரும். இந்தச் சுவருக்கு ஏற்றது தொங்குவதும் சாய்வதும். மேதினிப்பூர் வட்டாரத்தில், குறிப்பாக சபங் பகுதியில், நெய்யும் மாதுர் பாய் நம் கோரைப்பாய்க்கு ஒன்றுவிட்ட தங்கை. பத்தமடைப் பாயைப் பார்த்தவர்களுக்கு அறிமுகமே தேவையில்லை. அதைச் சுவரிலிருந்து இரண்டு விரல் தள்ளித் தொங்கவிட்டால் உதிரும் பூச்சும் மறையும், பின்னால் காற்றும் ஓடும். மழைக்காலத்தில் கழற்றி வெயில் கண்ட நாளில் காயப்போடலாம். படங்களை ஆணியடித்து மாட்டுவதைவிட அலமாரிமேல் வைத்துச் சுவரில் சாய்த்து நிறுத்துவது நல்லது; சுவரும் பிழைக்கும், படமும் பிழைக்கும்.

துணியைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் குறைந்த செலவில் அழகு எப்படி என்ற கேள்விக்கு வங்காளம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. காந்தா என்று இன்று விலையுயர்ந்த கடைகளில் விற்கும் தையல், உண்மையில் வறுமையின் கண்டுபிடிப்பு. உடுத்து நைந்த புடவைகளையும் வேட்டிகளையும் மூன்று நான்கு அடுக்காக விரித்து, பழைய புடவைக் கரையிலிருந்தே வண்ண நூலை உருவி, வெறும் ஓட்டுத்தையலால் சேர்த்துத் தைத்தால் காந்தா. நூல்கூடக் காசு கொடுத்து வாங்கியதில்லை. நம் ‘கந்தை’யும் அந்தக் ‘காந்தா’வும் ஒரே சொல்தான். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்றதோடு நாம் நிறுத்திக்கொண்டோம். அவர்கள் அதன்மேல் யானையும் தாமரையும் ரயிலும் தைத்தார்கள். ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்த குருசதய் தத் வங்காளக் கிராமங்களில் தேடிச் சேர்த்த காந்தாக்கள் கொல்கத்தாவின் தெற்கே ஜோகாவில் அவர் பெயரிலுள்ள அருங்காட்சியகத்தைச் சேர்ந்தவை; மானதாசுந்தரி என்ற பெண் தன் தந்தைக்காகத் தைத்த புகழ்பெற்ற காந்தாவும் அவற்றில் ஒன்று. இன்று வாடகை வீட்டில் இருப்பவர் அந்த அளவுக்குத் தைக்க வேண்டியதில்லை. பீரோவின் அடித்தட்டில் கட்ட மனமில்லாமலும் கொடுக்க மனமில்லாமலும் கிடக்கும் பருத்திப் புடவைகள் எல்லா வீட்டிலும் உண்டு. ஐந்தரை மீட்டர் துணி என்பது இரண்டு ஜன்னலுக்குத் திரை, அல்லது வீட்டுக்காரர் விட்டுச்சென்ற அழுக்கு சோபாவுக்கு ஒரு போர்வை. கரையைக் கீழே வரும்படி தைத்தால் வேறு வேலைப்பாடே வேண்டாம். திரைக்கம்பிக்குச் சுவரைத் துளைக்கவும் வேண்டாம். உள்ளே சுருள்வில் வைத்த கம்பிகள் கிடைக்கின்றன, ஜன்னலின் இரு பக்கத்துக்கும் நடுவே இறுக்கினால் நிற்கும்.

வெளிச்சத்துக்கு மறுபடியும் ராயின் படத்துக்கே போக வேண்டியிருக்கிறது. 1956இல் வந்த ‘அபராஜிதோ’வில் வரும் காசி வீட்டின் முற்றம் கொல்கத்தா ஸ்டுடியோவில் போட்ட செட். திறந்த முற்றத்தில் வானத்திலிருந்து இறங்கும் நிழலற்ற வெளிச்சத்தை ஸ்டுடியோவுக்குள் எப்படிக் கொண்டுவருவது? ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா மேலே வெள்ளைத் துணியை இழுத்துக்கட்டி, விளக்குகளைக் கீழிருந்து அதன்மேல் அடித்து, பட்டுத் திரும்பும் ஒளியில் படமெடுத்தார். உலகம் முழுவதும் பின்னால் கைக்கொண்ட முறை இது. அவருக்கு ஆன செலவு துணிதான். தரைத்தள ஃபிளாட்டுகளிலும் சந்து பார்த்த அறைகளிலும் நாம் செய்வது இதற்கு நேரெதிர்: நடுக்கூரையில் ஒரு வெள்ளை டியூப்லைட்டை எரியவிட்டு, ஆஸ்பத்திரி வராந்தாபோல ஆக்கிக்கொள்கிறோம். மின்இணைப்பில் கைவைக்காமல், பிளக்கில் செருகும் இரண்டு மேசை விளக்குகளைச் சுவரையோ கூரையையோ பார்த்துத் திருப்பி வையுங்கள். பல்பு வாங்கும்போது அட்டையில் 2,700 கெல்வின் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அது மாலை மஞ்சள். 6,500 என்றால் டியூப்லைட் வெள்ளை. படிக்கும் மேசைக்கு அது இருக்கட்டும். ஒன்பது வாட் எல்.இ.டி. பழைய அறுபது வாட் குண்டு பல்பின் வேலையைச் செய்துவிடும் என்பதால் கரண்ட் பில்லும் பயமுறுத்தாது. ஒரு அறையின் முகத்தை இவ்வளவு குறைந்த காசில் இவ்வளவு மாற்றுவது வேறெதுவும் இல்லை என்பது என் கட்சி. சுவர் வண்ணத்தைப் பற்றிக் கவலைப்படுபவர்களில் பாதிப்பேருடைய கவலை உண்மையில் விளக்கைப் பற்றியது.

மரச்சாமானில்தான் இந்த வாதம் கொஞ்சம் தடுமாறும். கொல்கத்தாவில் பழைய மரம் மலிவு என்ற பேச்சு நியாயமானதே. ரஸ்ஸல் தெருவில் 1940இல் தொடங்கிய ரஸ்ஸல் எக்ஸ்சேஞ்சின் ஞாயிற்றுக்கிழமை ஏலம் பெயர்பெற்றது. ஜமீன் வீட்டு நாற்காலி முதல் மூடியில்லாத தேநீர்க் கெண்டிவரை அங்கே சுத்தியலடிக்குக் காத்திருக்கும். புதுப் பலகைக் கட்டிலின் விலையில் பர்மா தேக்கு கிடைக்கிறதே என்று மயங்கி ஒரு அலமாரியை ஏலம் எடுத்தால், புது ஃபிளாட்டின் படிக்கட்டில் அது திரும்பாது. திரும்பினாலும் அடுத்த வீட்டுக்குப் போக நான்கு ஆள் கூலி. குட்டி யானை பொய் சொல்லாது. ஆகவே அங்கே போகிறவர்கள் ஒரு ஆள் தூக்கக்கூடியதோடு நிறுத்திக்கொள்ளலாம்: நாற்காலி, ஸ்டூல், கண்ணாடி, பித்தளை விளக்கு. செடிகளுக்கு பாக்பஜார் பக்கம் காலிஃப் தெருவில் ஞாயிறு சந்தை உண்டு. தொட்டியின் அடித்தட்டில் நிற்கும் தண்ணீரை மட்டும் வாரத்துக்கு ஒருமுறையாவது கொட்டிவிட வேண்டும், டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்க அவ்வளவு நாள்தான் எடுத்துக்கொள்கிறது.

இனி கடுமையான ஆட்சேபங்கள் இரண்டு. கைவினைப் பொருளை வாங்கிக் குறைந்த செலவில் அலங்கரிப்பது என்றால், அந்தக் குறைவு யார் வயிற்றிலிருந்து வருகிறது? காளிகாட் கோயில் வாசலில் 19ஆம் நூற்றாண்டில் யாத்ரிகர்களுக்குச் சில்லறைக் காசுக்குப் படம் விற்ற பட்டுவாக்களின் கதையே இதற்குச் சாட்சி. மில் காகிதத்தில் மளமளவென்று இழுத்த அந்தக் கோடுகள் இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன; வரைந்தவர்களையோ, அதைவிட மலிவான அச்சுப்படங்கள் வந்து தொழிலை விட்டே விரட்டின. மலிவால் வாழ்ந்தது மலிவால் அழிந்தது. அதே மரபிலிருந்து கற்ற ஜாமினி ராய் (1887–1972) வேறு வழி கண்டார். ஐரோப்பியச் சாயங்களை ஒதுக்கி, மண்ணும் விளக்குக்கரியும் புளியங்கொட்டைப் பசையும் கொண்டு, பாயிலும் துணியிலும்கூட வரைந்தார்; சாதாரண வீடுகளிலும் தன் படம் தொங்க வேண்டும் என்று விரும்பி விலையைத் தாழ்த்தியே வைத்தார். விலையைக் குறைத்தது ஓவியர், வாங்குபவர் இல்லை. வித்தியாசம் அங்கேதான். கையால் செய்ததைப் பேரம் பேசிப் பத்து வாங்குவதைவிட, சொன்ன விலைக்கு ஒன்று வாங்குவதே என் வாதத்துக்குப் பொருத்தம். மேதினிப்பூரின் பிங்லா அருகே நயா கிராமத்துப் பட்டுவா ஒருவரிடம் வாங்கும் ஒரு சிறு படம் போதும்; மீதிச் சுவரை வெளிச்சம் பார்த்துக்கொள்ளும்.

இரண்டாவது ஆட்சேபம் இதைவிடக் கூர்மையானது, அதை முழுதாக மறுக்க எனக்கு வழியில்லை. காசு குறையும் இடத்தில் உழைப்பு கூடுகிறது. அந்த உழைப்பு பெரும்பாலும் வீட்டுப் பெண்ணுடையது. வங்காள விரதங்களைப் பற்றி 1919இல் அவனீந்திரநாத் தாகூர் எழுதிய ‘பாங்லார் பிரத’ நூல், பெண்கள் அரிசிமாவால் தரையில் வரையும் ஆல்பனாவைக் கலையாக மதித்து முன்வைத்தது. மதித்தது சரி. வரைந்த கைகள் அதற்குமுன் சமைத்திருந்தன, பிறகு துலக்கவும் போயின. பழைய புடவையைத் திரையாக்குங்கள் என்று கட்டுரையில் எழுதிவிடலாம். அலுவலகம் முடிந்து மெட்ரோவில் நின்றபடி வருகிறவர் எந்த ராத்திரியில் ஓரம் அடிப்பார்? அதனால் பட்ஜெட் போடும்போது ரூபாயோடு மணிக்கணக்கையும் போட வேண்டும், அந்த மணிகளை வீட்டிலிருப்பவர்கள் பங்கிட வேண்டும். முடியாவிட்டால் தெருமுனைத் தையற்காரருக்குக் கூலி கொடுப்பது வீண்செலவில்லை. நேரமே இல்லை என்றால் ஒரு மூலையோடு நிறுத்தலாம். அபர்ணாவின் அறையில் மாறியதும் முதலில் ஒரு ஜன்னல்தான்.

மிஞ்சியிருப்பவர் வீட்டுக்காரர். ஆணி அடிக்கக்கூடாது, கோலப்பொடி தரையில் படக்கூடாது என்று நீளும் பட்டியலுக்குப் பயந்தே பலர் எதையும் தொடுவதில்லை. தனியாக வரும் பெண்ணுக்கும், ‘நம்மவர்’ இல்லாதவருக்கும் வீடு கிடைப்பதே பெரும்பாடு என்றிருக்கும் நகரத்தில் அந்தப் பயத்தைக் கேலி செய்ய முடியாது. ஆனால் சட்டம் நாம் நினைப்பதைவிடப் பெருந்தன்மையானது. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாதபோது, குடியிருப்பவர் தான் பொருத்தியதைக் கழற்றிக்கொண்டு போகலாம் என்கிறது. வீட்டைப் பெற்ற நிலையிலேயே திரும்ப ஒப்படைக்க வேண்டும், அவ்வளவுதான். இயல்பான தேய்மானம் அவர் தலையில் விழாது. பெற்ற நிலை என்ன என்று பின்னால் வாக்குவாதம் வராமலிருக்க, குடியேறும் நாளில் சாமான் இறக்குவதற்கு முன்பே ஒவ்வொரு சுவரையும், ஓதம் ஏறிய இடங்களையும், படம் பிடித்து வீட்டுக்காரருக்கே அனுப்பிவிடுங்கள். காலி செய்யும்போது இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: கழற்றும் உரிமை வீடு உங்கள் கையில் இருக்கும்வரைதான். சாவியைக் கொடுத்த பிறகு மறந்துபோன திரைக்கம்பிக்காகக் கதவைத் தட்டினால், சட்டமும் உங்கள் பக்கம் நிற்காது.